குளிர்க் கோவிலைக் கட்டியவர்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. மெல்பேர்னின் தென்கிழக்கே, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கச் செங்கல் கோவிலுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. பார்க்க அழகானது. ஆனால் இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் அதற்குள் போனால் வெளியே நின்றதைவிடக் கூடக் குளிரும். நான் மிகைப்படுத்தவில்லை. மன்னார் வெயிலில் வளர்ந்த அன்ரிமார் சேலைக்கு மேல் ஒன்றுக்கு இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பாடகர் குழு கையுறையோடு பாடும். பிரசங்கம் நீண்டால் எல்லோரும் பாதரைத்தான் மனதுக்குள் திட்டுவார்கள். அவர் பாவம். பிரசங்கம் கோடையிலும் அதே நீளந்தான்.

இந்தக் குளிருக்குக் காரணமானவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி வந்த கட்டடக் கலைஞர். என் தகப்பன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். அவருடைய ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை ஒரு கூடத்தில் கூட்டி இருத்தச் சொன்னால், அவருக்கு முன்வரிசையில்தான் கதிரை போடுவேன்.

நானும் கட்டடக் கலைஞர்தான். கொழும்பில் படித்து, அங்கேயே பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரோடு வேலை செய்தவள். இந்த நாட்டுக்கு வந்ததும் அந்தப் பெயர் போய்விட்டது. இங்கே பதிவு பெறாத ஒருவர் தன்னைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி பிழை. பதிவுக்கு முதலில் பரீட்சை, பிறகு மூன்று பேர் முன்னால் இருந்து பதில் சொல்லும் நேர்முகம். அதுவரைக்கும் நான் படவரைஞர். மற்றவர் பெயரில் போகும் படங்களை வரைந்து கொடுப்பவள். எங்கள் சனத்துக்கு இந்த நுணுக்கம் எல்லாம் தெரியாது. கலியாண வீடுகளில் யாராவது என்னை ஆர்க்கிடெக்ட் என்று அறிமுகப்படுத்துவார்கள். "இல்லை, இன்னும் இல்லை" என்று நான் திருத்துவேன். திருத்தத் திருத்த, எனக்கு ஏதோ வேலை பறிபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ரோல்ஸ் தட்டை அனுதாபத்தோடு என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

வேலை மல்கிரேவில், ஒரு சிறிய அலுவலகத்தில். என் முதலாளி அறுபதை நெருங்கும் ஒரு அவுஸ்திரேலியப் பெண்மணி. இந்த ஊர் வழக்கப்படி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது தொண்டையில் சிக்கும். அதனால் பெயரே சொல்லாமல் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து பேசப் பழகிக்கொண்டேன். நான் வந்து நிற்பது தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் ஒருமுறை சொன்னார். அப்படியும் நான் மாறவில்லை.

வந்து நாலாவது வருஷம், கிரான்பர்னில் ஒரு வீடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கட்டுகிறவர்கள் தமிழ்ப் பூசைக்கு வரும், எங்கள் மன்னார்ப் பக்கத்து அங்கிளும் அன்ரியும். அங்கிள் பல வருஷம் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் எல்லாம் தனித்தனியே போய்விட்டார்கள். வாழ்நாளில் முதன்முறையாகத் தங்கள் விருப்பப்படி ஒரு வீடு கட்டப்போகிறார்கள். உங்கள் ஆட்கள், அவர்கள் வாழும் முறை உங்களுக்குத்தான் தெரியும், முழுக்க நீங்களே வரையுங்கள் என்று முதலாளி என்னிடம் தந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கிள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெரிய விறாந்தை வேண்டும், வெயில் வீட்டுக்குள் வரக்கூடாது. அதற்கு என்ன, வெயிலோடு சண்டைபிடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். வெயிலை வீட்டுக்குள் விடுகிற கட்டடக் கலைஞருக்கு மன்னாரில் யாரும் அத்திவாரம் வெட்டக்கூடக் கொடுக்கமாட்டார்கள். இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. அப்படியானால் வடக்குப் பக்கம் விறாந்தை. அதுவும் சும்மா விறாந்தை இல்லை, பத்துக் கதிரை போட்டாலும் இடம் மிஞ்சும் அளவுக்கு அகலமான விறாந்தை. அதற்குப் பின்னால் இருக்கும் அறை, குசினி, சாப்பாட்டு மேசை எல்லாம் நிழலோ நிழல்.

மெல்பேர்னில் குளிர்காலத்து வடக்கு வெயில்தான் வீட்டைக் காப்பாற்றும் என்பதைப் பரீட்சையில் படம் வரைந்து விளக்கி நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. படத்தைப் பார்த்த முதலாளி விறாந்தையின் மேல் விரலை வைத்து, இது கொஞ்சம் அகலமாகத் தெரியவில்லையா என்று கேட்டார். அது எங்கள் கலாசாரம் என்று சொன்னேன். கலாசாரம் என்ற சொல்லைக் கேட்டால் இந்த நாட்டில் நல்ல மனிதர்கள் எல்லோரும் உடனே கையை எடுத்துக்கொள்வார்கள். அவரும் எடுத்துக்கொண்டார்.

வீடு எழும்பியது. ஜனவரியில் பால் காய்ச்சினார்கள். வெளியே நெருப்பாக எரியும்போது உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அங்கிள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுப் படுத்துவிட்டார்.

பிறகு ஜூன் வந்தது. தமிழ்ப் பூசைக்குப் பிறகு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது வழக்கம்போல எல்லோரும் கோவில் குளிரைப் பற்றிக் குறைசொன்னார்கள். அன்ரி இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவரிடம், "எங்கட வீட்டைவிட இது சூடு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் எனக்குக் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. அடுத்த மாதத்திலிருந்து நான் தூணுக்குப் பின்னால் இருந்து பூசை கண்டேன்.

அந்த வருஷந்தான் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எடுத்துப் போவதற்கு என்னிடம் இருந்த ஒரே முழு வேலை அந்த வீடுதான். மூவரில் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, உரிமையாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றேன். கடைசியாக அந்த வீட்டுக்கு எந்த மாதம் போனீர்கள் என்று அடுத்த கேள்வி. ஜனவரி என்றேன். மூவரும் குனிந்து எழுதினார்கள். இப்படி மறைப்பது எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிய பழக்கம். பரீட்சை வைப்பவரிடம் உன் பிழையை நீயே காட்டிக்கொடுக்காதே. அங்கே அது புள்ளியைக் காப்பாற்றும். இங்கே, கட்டிய பிறகு திரும்பிப் பார்க்காதவள் என்று எழுதி, என்னைத் தேறவிடவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரோடு இருந்து யோசித்தேன். அவர் முதியோர் இல்லத்தில் தாதி. தன்னோடு பராமரிப்பு வேலை செய்ய ஆட்கள் தேவை, பயிற்சி ஒரு வருஷம்கூட இல்லை, விரும்பினால் வா என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் வேலை எனக்குக் குறைவானது இல்லை. ஆனால் கட்டடம் வரைவதைத் தவிர வேறு எதிலும் என் கைக்கு ருசி கிடையாது. கடைசியில் இன்னும் ஒரேயொரு முறை நேர்முகத்துக்குப் போவது, அதிலும் தேறாவிட்டால் இந்தத் தொழிலை விட்டுவிடுவது என்று இருவரும் முடிவெடுத்தோம். முடிவெடுத்த பிறகு இரவில் நித்திரை வரவில்லை என்று எழுதினால் நாடகம்போல இருக்கும். நன்றாக நித்திரை வந்தது. காலையில் எழும்பத்தான் மனம் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் கோவிலை நடத்தும் பங்குச் சபை, அதன் குளிருக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று என் முதலாளியிடமே வந்தது. வடக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டார்கள். பழைய கட்டடம், பாதுகாக்கப்பட வேண்டிய பட்டியலில் இருப்பது. உடைப்பதற்கு முன் அதைக் கட்டியவர் யார், எங்கே படித்தார், என்னென்ன கட்டினார் என்று ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டும். நீங்கள்தான் ஒவ்வொரு மாதமும் அங்கே போகிறீர்களே என்று முதலாளி அந்த அறிக்கையை என்னிடம் தந்தார். கிரான்பர்ன் வீட்டைப் பற்றியும் நேர்முகத்தைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நூலகத்தில் பழைய கட்டடக்கலைச் சஞ்சிகைகளைப் புரட்டி அந்த மனிதரைத் தேடிப் பிடித்தேன். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். தகப்பன் தச்சர். பதினைந்து பதினாறு வயதில் இவரைக் கிளாஸ்கோவில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பயிற்சிக்கு விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே பல்கலைக்கழகம் போய்த்தான் இதைப் படிக்க வேண்டும் என்று இல்லை. ஐந்து வருஷம் ஒருவரின் அலுவலகத்தில் கிடந்து பழக வேண்டும். முதல் வருஷம் அடுப்பு மூட்டுவது, மை கரைப்பது, மற்றவர் வரைந்ததை மெழுகுத் துணியில் பிரதி எடுப்பது, அளக்கப் போனால் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பது. பிறகு மாலை வகுப்பு. விடுமுறை நாட்களில் சைக்கிளில் போய் இடிந்த மடாலயங்களை அளந்து வரைவார். அந்தப் படங்களில் ஒன்றிரண்டு அச்சாகியிருந்தன. ஒவ்வொரு கல்லையும் வரைந்திருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தவருக்கு இங்கே யாரும் மாலை போடவில்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்து, வங்கிக் கட்டடங்களுக்குத் தூணும் பூவேலையும் வரைந்தபடி ஏழெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். அவர் வரைந்த எதிலும் அவர் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தை வாசித்தபோது நூலகத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி நான் பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

அதன் பிறகு தன் பெயரில் அவர் கட்டிய முதல் கட்டடம் எங்கள் கோவில்.

அடுத்த தமிழ்ப் பூசை ஞாயிறு நான் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பூசைக்கு முன்பே கோவிலைச் சுற்றி நடந்தேன். கிழக்கே பீடம். தெற்குச் சுவர் முழுவதும் உயரமான ஜன்னல்கள். வாசல் மண்டபமும் தெற்குப் பக்கந்தான். வடக்குச் சுவரில் கைக்குட்டை அளவுக்கு இரண்டு துவாரங்கள் தவிர வேறு எதுவும் இல்லை. பார்த்ததும் விளங்கிவிட்டது. ஸ்கொட்லாந்தில் வெயில் தெற்கே. குளிரும் இருளும் வடக்கே. வடக்கை மூடு, தெற்கைத் திற என்று கிளாஸ்கோவில் ஐந்து வருஷம் அவருடைய கைக்குப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். தென்துருவத்திலிருந்து வரும் காற்று, வாசல் திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரே உள்ளே வந்து பீடம்வரை போகும். அந்த மனிதர் காற்றுக்கு வாசலைத் திறந்துவைத்து, வெயிலின் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்கு வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாதா? ஒரு நாளாவது வெளியே போய் நிமிர்ந்து பார்க்கவில்லையா? மனதுக்குள் திட்டிக்கொண்டு ஈரப் புல்லில் நின்றேன். பிறகுதான் கிரான்பர்ன் ஞாபகம் வந்தது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் கை கிளாஸ்கோவிலேயே இருந்தது, என் கை மன்னாரிலேயே இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நாங்கள் இருவரும் யானைகூட இல்லை. அன்றைக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு, எனக்கு முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரை நினைத்துத் தனியே நின்று சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

இனி இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும். எங்கள் கோவிலுக்குப் பிறகு அவர் பெயரில் சில வருஷம் ஒன்றுமே இல்லை. குளிரின் கதை ஊரெல்லாம் பரவியிருக்கும். திரும்பவும் படம் வரையப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கிப்ஸ்லாந்துப் பக்கம் ஒரு சிற்றூரில் இன்னொரு கோவில். அதிலிருந்து மடை திறந்த மாதிரி வேலை. பள்ளிக்கூடங்கள், வீடுகள், ஒரு ஆஸ்பத்திரியின் புதிய பகுதி. கடைசிவரை தொழிலில் இருந்து, நல்ல பெயரோடு செத்திருக்கிறார். அந்த இரண்டாவது கோவில் இல்லாவிட்டால் இவர் இல்லை.

அதைப் பார்க்க ஒரு ஜூலைச் சனிக்கிழமை கணவரோடு காரில் போனேன். பசுக்களும் பனிப்புகையுமாக இரண்டு மணித்தியாலப் பாதை. கோவிலடியில் இறங்கியதும், "எங்கட கோவில் மாதிரிக் கிடக்கு" என்று கணவர் சொன்னார். மாதிரி என்ன, அதே கோவில்தான். அதே கோபுரம், அதே செங்கல் வேலை, அதே உயரமான ஜன்னல்கள். ஆனால் இடம் வலமாக மாறியிருந்தது. ஜன்னல்கள் வடக்கே, வாசல் வடக்கே, தெற்கே மொட்டைச் சுவர். ட்ரேசிங் தாளில் வரைந்த படத்தை மறுபக்கம் புரட்டிப் போட்டால் எப்படியோ அப்படி. தான் வரைந்த கோவிலைத் தானே புரட்டிப் போட்டிருக்கிறார். உள்ளே போய் ஒரு நீள மரவாங்கில் அமர்ந்தோம். நல்ல வெயில் மடியில் விழுந்தது. கணவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது வாசலில் அடிக்கல்லைப் பார்த்தேன். கட்டடக் கலைஞரின் பெயர். அதற்கு மேலே, கட்டுவித்த பங்குக் குருவின் பெயர். அந்தக் குருவின் பெயரை நான் மாதாமாதம் பார்த்திருக்கிறேன். எங்கள் கோவில் அடிக்கல்லிலும் அதே பெயர்தான். அந்தக் குளிர்க் கோவிலில் வருஷக்கணக்காக நடுங்கிக்கொண்டு பூசை வைத்த மனிதர், இடம் மாற்றிப் போன ஊரில் கோவில் கட்டவேண்டி வந்தபோது, மெல்பேர்னில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். இந்தப் பூனை ஏன் நாடியது? அறிக்கைக்காக எவ்வளவு தேடியும் அதற்குப் பதில் எங்கும் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் கிரான்பர்னுக்குப் போனேன். ஜூலை மத்தியானம், வெளியே நல்ல வெயில். அன்ரி கதவைத் திறந்தார். தலையில் கம்பளித் தொப்பி, காலில் இரண்டு சோடி சொக்ஸ். உள்ளே ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது, அப்படியும் என் விரல் விறைத்தது. நான் கோட்டைக் கழற்றாமல் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பிழை விறாந்தையில், அதை அந்த அகலத்துக்குப் போட்டது நான், அதன் நடுக்கூரையை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தகடு போட்டால் குளிர்கால வெயில் உள்ளே வரும், கோடையில் திரையை இழுத்துவிடலாம். அங்கிள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "விறாந்தை நாங்கள் கேட்டதுதானே பிள்ளை" என்றார். நீங்கள் கேட்கலாம், நான்தான் மறுத்திருக்க வேண்டும் என்றேன். அன்ரி எழுந்துபோய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஒரு வருஷமாக ஏன் எங்களைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிகிறாய் என்று கேட்டார். ஒளிந்தது அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

திங்கட்கிழமை முதலாளியின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று இதையும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு, அன்றைக்குக் கலாசாரம் என்றதும் தானும் பேசாமல் இருந்தது பிழை என்றார். படத்தில் தன் பெயர் இருக்கிறது, அதனால் கூரை வேலையை அலுவலகமே செய்து கொடுக்கும் என்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் தகடு மாறியது. வெயில் முதல்முறையாக வந்து செற்றிக் கதிரையில் விழுந்த மத்தியானம் நானும் அங்கே நின்றேன். அன்ரி அதில் போய் இருந்து, ஹீற்றரை நிற்பாட்டச் சொன்னார்.

இரண்டாவது நேர்முகத்துக்கும் அதே வீட்டைத்தான் கொண்டுபோனேன். வேறு எதையாவது கொண்டுபோ என்று கணவர் கெஞ்சினார். மூன்று பேரும் புதியவர்கள். பிழையை நானே காட்டினேன். ஏன் விட்டேன், எந்த மாதம் திரும்பிப் போனேன், என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். ஒருவர், இனி உங்களிடம் வருகிறவர் தனக்குக் கூடாத ஒன்றைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார். அவர் எதற்குப் பயந்து அதைக் கேட்கிறார் என்று முதலில் கேட்பேன் என்றேன். அங்கிளுக்குத் தேவைப்பட்டது விறாந்தை இல்லை, வெயிலில் வாடாத ஒரு வீடு. அதற்கு வழி வேறு இருந்தது. அவர்கள் குனிந்து எழுதினார்கள். இந்த முறை நான் எழுத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தேறிவிட்டேன். முதலாளி அலுவலக வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் என் பெயருக்குக் கீழே கட்டடக் கலைஞர் என்ற சொல்லைப் போட்டு வைத்திருந்தார். முதன்முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். எங்கள் கோவில் வடக்குச் சுவருக்கும் அனுமதி கிடைத்தது. அந்த மனிதரே தன் பிழைக்கு வரைந்த திருத்தம் கிப்ஸ்லாந்தில் நிற்கிறது, அதன்படி திறப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். வேலை இன்னும் தொடங்கவில்லை. இந்த ஜூலையிலும் நடுங்கினோம்.

பெயர் கிடைத்தால் போதுமா? கட்டச் சொல்லி யாராவது கேட்டால்தானே கட்டடக் கலைஞர். வாழ்த்தினவர்கள் நிறையப் பேர். கேக் வெட்டினார்கள். வீடு கட்டப்போகிறவர்கள் என்னவோ என்னைக் கண்டால் வாழ்த்திவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். குறைசொல்ல முடியாது. கிரான்பர்ன் கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் சனத்திடம் ஒரு கதை போய்ச் சேர வட்ஸ்அப்கூடத் தேவையில்லை. அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் வெறும் வருஷங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது.

போன மாதம் பூசைக்குப் பிறகு அங்கிளும் அன்ரியும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தார்கள். மகள் கிரெய்கிபர்னில் காணி வாங்கியிருக்கிறாளாம். இரண்டு சின்னப் பிள்ளைகள். வீட்டை நான்தான் வரைய வேண்டும் என்றார்கள். என்மேல் இரக்கப்பட்டுத் தர வேண்டாம் என்றேன். நல்ல கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள், நானே பெயர் தருகிறேன், உங்களுக்கு ஒருமுறை குளிர்ந்தது போதும் என்றேன்.

அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வேறை ஆளிட்டக் குடுத்தா அவர் புதுசா ஒரு பிழை விடுவார் பிள்ளை. உம்மட பிழை எங்களுக்குத் தெரியும், உமக்கும் தெரியும். மெல்பேர்னிலேயே அதை இனி விடாத ஆள் நீர் ஒராள்தான்."

அங்கிள் ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். எனக்குக் கிப்ஸ்லாந்து அடிக்கல்லில் இருந்த குருவின் பெயர் ஞாபகம் வந்தது, கண் நிறைந்துவிட்டது. குனிந்து கைப்பையில் பென்சிலைத் தேடினேன். கிடைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு நிமிர்ந்து, காணி எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது என்று கேட்டேன்.